கல்விக்குக் கூலிக்கணக்கா?

தமிழ் கற்றுத் தமிழ் கற்பித்தே முப்பது ஆண்டுகள் கழித்தவன் யான். “இதைப் படித்தால் என்ன கிடைக்கும்?” என்னும் வினா என் செவிக்குப் புதிதன்று. அதே வினா கடல்கடந்த அமெரிக்காவிலும் இன்று ஓங்கி ஒலிக்கின்றது. மொழி, மெய்யியல், வரலாறு, கணக்கு, அறிவியல் எனப் பல துறைகளையும் ஒருங்கே பயிற்றும் சிறு கலைக்கல்லூரிகளை நோக்கி, “உங்களிடம் பட்டம் பெற்றோர் ஈட்டுவது எவ்வளவு? கட்டிய பணம் மீளுமா?” என்று கேட்கின்றனர். அந்நாட்டு அரசே 2015 முதல் கல்லூரிதோறும் கற்றோர் வருவாயைக் கணித்து வெளியிட்டு வருகின்றது.

கடன்பட்டுப் படித்தவன் கேட்கும் வினா பிழையன்று. அதற்கு விடைகாண எடுக்கும் அளவுகோலே பிழை!

சார்ச்சுடவுன் பல்கலைக்கழக ஆய்வு நடுவம் 2020இல் வெளியிட்ட கணக்கைக் காண்க. கல்லூரியில் சேர்ந்த பத்தாண்டில், செலவு போக எஞ்சும் பயன், கலைக்கல்லூரிகளில் இடைநிலையாக 62,000 தாலர். எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால் 1,07,000 தாலர். “பார்த்தீரா, இழப்பு!” என்பர். பொறுமின்! நாற்பது ஆண்டிற்குக் கணித்தால் கலைக்கல்லூரிகளின் அளவு 9,18,000 தாலராக உயர்ந்து, எல்லாக் கல்லூரிகளின் அளவை நாலிலொரு பங்கிற்கு மேல் விஞ்சுகின்றது. முதற் பத்தாண்டில் நான்காண்டு வகுப்பறையிலேயே கழிகின்றது. பலர் மேற்படிப்பிற்கும் செல்கின்றனர். தென்னையை நட்ட மறு ஆண்டே காய் எண்ணுவாரை என்னென்பது?

“எல்லாக் கலைக்கல்லூரியும் இவ்வாறு பயன் தருமோ? ஏழை மாணவன் நாற்பது ஆண்டு காத்திருப்பானோ?” எனின், தாரா, காத்திரான். கல்லூரிக்குக் கல்லூரி பயன் வேறுபடும். கடன்காரனோ முதலாண்டே வாயிலில் நிற்பான். ஆயின் நோய் கட்டணத்தில் இருக்க, கல்வியை அறுப்பது என்ன மருத்துவம்? கெண்டக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரியைப் பாருங்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே கற்க 1855இல் தோன்றிய அக்கல்லூரி, 1892 முதல் கற்பிப்புக் கட்டணம் பெறுவதே இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் கிழமைக்குப் பத்து மணி நேரமேனும் கல்லூரிப் பணி செய்கின்றனர். அறக்கொடை எஞ்சியதைத் தாங்குகின்றது. கடன்சுமை குறைந்தால், கற்றவன் விரும்பிய பணியைத் தேரலாம், ஆசிரியனாகவும் ஆகலாம்.

கற்றோரே தம் கல்லூரியை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு வர்சீனியாவின் சுவீட் பிரையர் மகளிர் கல்லூரி சான்று. பொருள்முடையால் அதனை மூடுவதாக 2015 மார்ச்சில் ஆட்சிக்குழு அறிவித்தது. அங்குப் படித்த மகளிர் திரண்டனர், வழக்காடினர், பொருள் திரட்டினர், சில திங்களிலேயே கல்லூரியை மீட்டனர். பயனற்ற கல்விக்கு எவரேனும் கைப்பொருள் ஈந்து போராடுவரோ?

ஊதியம் என்னும் சொல்லை வள்ளுவர் பேறு என்னும் பொருளில் ஆண்டார். நாமோ அதனை மாதக் கூலியாகச் சுருக்கினோம். சொல்லைச் சுருக்கியது போதும், கல்வியையும் சுருக்கற்க! “என்ன கிடைக்கும்?” என்று கேட்போரிடம், “எத்தனை ஆண்டுக் கணக்கு ஐயா?” என்று திருப்பிக் கேளுங்கள்.