எந்தக் குற்றாலிங்கம்?

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. காலையில் ஐந்தருவிக் குளியல், மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டா. சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஒரு கேள்வி போட்டான்.

"மாமா, கேரளா இன்னும் தள்ளித்தானே இருக்கு? இந்த இடத்துக்கு எதுக்கு பார்டர்னு பேரு?"

நல்ல கேள்வி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான். தென்காசியோ பிரிட்டிஷ் சர்க்கார் சீமை. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த எல்லைக்கோடு போய்விட்டது, பேர் மட்டும் பரோட்டாக் கடையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் கோடு ஒரு காலத்தில் போலீஸாருக்கு எப்பேர்ப்பட்ட தலைவலியாக இருந்திருக்கும் என்று அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் நெல்லை கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். விசாரணையை எங்கே தொடங்குவது? கொலை நடந்தது பிரிட்டிஷ் மண்ணில். வாஞ்சியின் ஊர் செங்கோட்டை, வேலை பார்த்தது புனலூர் காட்டிலாகாவில். இரண்டும் திருவிதாங்கூர். அவர் துப்பாக்கிப் பயிற்சி பெற்றது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். அது பிரெஞ்சுக்காரர் இடம், பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே போய் யாரையும் கைது செய்ய முடியாது. ஒரே வழக்கு, மூன்று அரசாங்கம்! ஒருவர் கையில் இருக்கும் காகிதம் இன்னொருவர் மேஜைக்கு வந்தால்தான் கதை முழுசாகும்.

இத்தனைக்கும் காகிதத்தைச் சேர்த்து, மொழிபெயர்த்து, அச்சடித்து, துறைதோறும் அனுப்புகிற வேலையை அன்றைய சர்க்கார் ஒழுங்காகவே செய்துவந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் யார் என்ன எழுதினார்கள் என்று மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சுருக்கி எழுத வேண்டும். அது ரகசிய அறிக்கையாக அச்சாகி அதிகாரிகளுக்குப் போகும். இன்று நாம் 'டாக்குமென்ட் பிராசஸிங்' என்கிறோமே, அதேதான். கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பாரதி காலத்துப் பத்திரிகைகள் பல இப்போது கிடைப்பதில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பதற்குச் சில இடங்களில் இந்த உளவு மொழிபெயர்ப்புதான் ஆய்வாளர்களுக்கு மிச்சம்.

பாரதி என்றதும் கடையம் ஞாபகம் வருகிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், செல்லம்மாவின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து அவரை விட்டபோது, நெல்லை ஜில்லாவில்தான் இருக்க வேண்டும், எழுதுவதையெல்லாம் சி.ஐ.டி. மேலதிகாரிக்குக் காட்டிய பிறகே வெளியிட வேண்டும் என்று நிபந்தனை. கவிதையைக்கூடப் போலீஸ் படித்துப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். கடையத்தில் அப்படித்தான் காலம் தள்ளினார். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா" என்றான் மருமகன்.

அப்படியா? சுதந்திர இந்தியாவிலும் காகிதம் மேஜை மாறத்தான் மறுத்தது. கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் ஆராய்ந்த குழு, உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ளச் சரியான ஏற்பாடே இல்லை என்று போட்டு உடைத்தது. பிறகு 2001-ல் 'மல்ட்டி ஏஜென்சி சென்டர்' வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு முன் டேவிட் ஹெட்லி எத்தனையோ முறை சாவகாசமாக இந்தியா வந்துபோயிருக்கிறான். விசா ஓரிடம், பயணம் ஓரிடம், தங்கல் ஓரிடம் என்று தடயங்கள் சிதறிக் கிடந்தன, சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அதன் பிறகு பிறந்ததுதான் 'நேட்கிரிட்'. ஒவ்வொரு துறையிடமும் இருக்கும் விவரத்தை உளவு, புலனாய்வு அமைப்புகள் ஒரே ஜன்னல் வழியாகத் தேட ஒரு ஏற்பாடு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2001 செப்டம்பர் தாக்குதலில் ஈடுபட்ட இருவரைப் பற்றி சி.ஐ.ஏ.வுக்குத் தெரிந்திருந்தும் எஃப்.பி.ஐ.க்கு அது நேரத்தில் போய்ச் சேரவில்லை.

ஆகவே பகிரத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயம் வேறு.

எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு குற்றாலிங்கம் உண்டு. அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். கே-யில் ஆரம்பிப்பார்கள், சி-யில் ஆரம்பிப்பார்கள், 'ற்'றுக்கு 'டி' போடுவார்கள், 'டி.ஆர்.' போடுவார்கள். ஊருக்கே 'கோர்ட்டாலம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரனைச் சொல்ல வேண்டும்! என் தாய்மாமாவும் ஒரு குற்றாலிங்கம்தான். ஒரு அலுவலகத்தில் யாரோ தப்பாக அடித்த எழுத்தைத் திருத்த எட்டு மாதம் அலைந்தார். அது வெறும் பென்ஷன் காகிதம். அவருக்கு ஒரு கவுன்ட்டர் இருந்தது, சண்டை போட ஒரு ஆள் இருந்தார்.

இதே தப்பு உளவுக் கோப்பில் நுழைந்தால்? ஓரிடத்தில் இருந்தால் ஒரு தப்பு. பத்து அமைப்புகள் பகிர்ந்துகொண்டால் பத்து இடத்தில் அதுவே சாட்சி. போய்க் கேட்கவும் முடியாது. 2011-லேயே நேட்கிரிட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் கொஞ்சம் கதவு திறக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், தன்னைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் எதைத் திருத்தச் சொல்லுவான்? ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும், தப்பைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு நீதிபதியாவது உட்கார வேண்டாமா?

வீட்டுக்கு வந்து மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஆர அமர யோசித்தார்.

"அது சரி மாப்ள, என்னயத் தேடுதவன் எந்த எழுத்துல தேடுவாம்?"