வந்தியின் பங்கு

வைகை பெருகிக் கரையுடைத்த காலத்தில் பாண்டியன் மதுரை மாந்தர் யாவர்க்கும் கரையைப் பங்கிட்டு அளந்து கொடுத்தான் என்பதும், பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது என்பதும், ஆளின்றி அவள் கலங்கியபோது சொக்கநாதரே கூலியாளாய் மண் சுமந்தார் என்பதும் நம் மாணவர் யாவரும் அறிந்த திருவிளையாடல். ஆவணி மூலந்தோறும் அதனை நினைக்கின்றோம். பிரம்படியை வியந்து பேசி முடித்துவிடுகின்றோம். ஊரில் அத்துணைப் பேர் இருந்தும் ஒரு கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமற் கிடந்ததேன் என்று நாம் கேட்பதில்லை. ஏனையோர் பங்கு எவ்வளவு திண்ணிதாயினும், வெள்ளம் அவள் பங்கின் வழியே ஊருட் புகும்.

சபரகமுவையில் வாழும் நமக்கு இது பழங்கதையன்று. சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து இறங்கும் களு கங்கையோடு வே கங்கையும் வந்து கூடுமிடத்தில் இரத்தினபுரி நகரம் அமைந்துள்ளது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. மலையிலிருந்து விரைந்து வரும் நீர் நகரத்துத் தாழ்நிலத்தை அடைந்ததும் வேகம் குன்றிப் பரந்து நிற்கின்றது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஒவ்வொரு முறையும் 200க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. இரு முறையும் இரத்தினபுரி மாவட்டம் பெரிதும் அழிவுற்றது. இடையே 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அதே நாட்களில் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. தொழில் தேடிக் கொழும்பு சென்ற மலைநாட்டார் பலர் வாடகைக்கு இருக்கும் தெருக்கள் அவை.

பலாங்கொடையில் இருப்போர், "நாம் மேட்டில் இருக்கின்றோம், ஆறு நம்மை என்ன செய்யும்?" என்பர். ஆறு செய்யாததை மலை செய்யும். நம் பெருந்தெருவிலேயே கிழக்கு நோக்கிச் சென்று பெரகலையைக் கடந்தால் கொஸ்லாந்தை. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவருட் சிலர் பெற்றோரை இழந்தனர். அவ்விடம் அபாயமானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. தலைமுறை பலவாய் அம்மண்ணில் உழைத்தும் ஒரு முழ நிலம் தமதென்று இல்லாதவரை, "எழுந்து செல்க" என்று சொல்லுதல் எளிது.

இவற்றுக்குப் பரிகாரமாகப் புதிய குழுக்கள் அமைக்கவேண்டும் என்று பலர் பேசக் கேட்கின்றோம். நமக்கு அதில் உடன்பாடில்லை. குழுக்கள் பிறக்கும் வேகத்திலேயே உறங்கிவிடுகின்றன. தோட்டந்தோறும் ஏற்கனவே விழித்திருக்கும் ஒரு சங்கம் உண்டு. அதுதான் மரண சகாயச் சங்கம். லயத்தில் ஒருவர் கண்மூடினால், நள்ளிரவாயினும், சிறிது நேரத்துள் கொட்டகை எழும். நாற்காலியும் விளக்கும் பெரிய அண்டாவும் வரும். எந்த வீட்டுக்கு எவர் செய்தி சொல்வது என்பதைக் கூட்டம் கூடித் தீர்மானிக்க வேண்டியதில்லை. சந்தா தவறியவர் வீட்டுக்கும் அச்சங்கம் முணுமுணுத்துக்கொண்டே சென்றுவிடும். செத்தவரைச் சுமக்க இவ்வளவு ஒழுங்குடைய நாம், உயிரோடிருப்பவரைச் சுமக்க மட்டும் ஏன் அயலவர் முகம் பார்த்து நிற்கின்றோம்?

அச்சங்கத்தின் ஏட்டில் ஒரு பக்கம் கூட்டினாற் போதும். எந்த லயத்தில், எந்தத் தெருவில், தனியே எழுந்து நடக்கமாட்டாதவர் எவர்? கருவுற்றவர் எவர்? கண் தெரியாதவர் எவர்? பிள்ளைகள் கொழும்பில் இருக்கத் தாம் மட்டும் இங்கே இருப்பவர் எவர்? அப்பெயர் ஒவ்வொன்றின் எதிரிலும் அவரைத் தூக்கிச் செல்லப் பொறுப்பேற்ற இளைஞர் இருவர் பெயர் இருத்தல் வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிடின் மற்றவர் இருப்பார். இதுவே வந்தியின் பங்கை முன்கூட்டி அளப்பது.

மழையை அளப்பதும் அரிய வித்தையன்று. பக்கம் நேராக உள்ள தகரப் பாத்திரம் ஒன்றை வெளியில் வைத்து, அதில் நின்ற நீரை அளவுகோலால் அளந்தால் மில்லிமீற்றர்க் கணக்கு வந்துவிடும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணி நேரத்துள் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த வரம்பு. இம்மூன்று எண்ணையும் ஐந்தாம் வகுப்பு மாணவன் மனனம் செய்துவிடுவான். அவன் பாட்டிக்கு எண் வேண்டியதில்லை. பிரட்டுக்கு ஆள் எழுப்பிய தப்பின் ஓசை அவளுக்குத் தெரியும். அவ்வோசைக்கு ஒரு புதுப்பொருள் சொல்லிவைத்தாற் போதும். செய்தி தமிழில் வந்து சேரும்வரை காத்திருப்பது ஆபத்து என்பதை 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி மறுபடியும் நமக்கு உணர்த்திற்று. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் மாண்ட அவ்வனர்த்தத்தில், அறிவித்தல் தம் மொழியில் உரிய நேரத்திற் கிட்டவில்லை என்ற முறைப்பாடு மலையகத்திலும் எழுந்தது.

"அரசின் கடமையை நாம் ஏன் சுமக்கவேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு. 117 என்னும் இலக்கம் உண்டு. தோட்டங்களிற் பணி செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடையை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியும் இருக்கின்றது. ஆதலின் கேட்கவேண்டியதைக் கேட்டே தீரவேண்டும். நில உரிமையை எல்லாவற்றுக்கும் முதலாகக் கேட்கவேண்டும். ஆயினும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அயலவனே அரசு. 1995இல் ஜப்பானியக் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது இடிபாட்டிலிருந்து மீண்டோரிற் பெரும்பாலோரை வெளியில் எடுத்தவர் குடும்பத்தவரும் அயலவருமே. 2015இற் சென்னையிலும், 2018இற் கேரளத்திலும் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றி ஊர்களுக்குட் கொண்டுசென்றனர். எவர் வீடு, எச்சமயத்தார் வீடு என்று அவர்கள் கேட்டிலர். நம் தோட்டத்தின் கீழே சிங்களக் கிராமம், சந்தியிற் பள்ளிவாசல், மேலே விகாரை. மேற்கூறிய ஏட்டில் அவர்தம் தொலைபேசி இலக்கங்களும் வேண்டும். நம் இலக்கம் அவர்களிடமும் இருத்தல் வேண்டும்.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். நிறைவு விழா நிதியில் அலங்கார வளைவு ஒன்று எழுப்பலாம் என்னும் கருத்து உலவுகின்றது. வளைவின்கீழ் மழைக்கு ஒதுங்கவும் முடியாது. அப்பணத்தில் மண்டபத்துக்கு ஒரு நீர்த்தாங்கியும், சமையற்கட்டும், கழிப்பறைகளும், முதியோர் ஏறத்தக்க சரிவுப்பாதையும் அமையட்டும். மண்டபத்தின் சாவி இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றது. கல்லூரிக்கு அண்மையில் வாழும் இருவரிடம் மேலும் இரு சாவிகள் இருக்கட்டும். பழைய மாணவர் பெயரேட்டை நன்கொடைக்கு மட்டும் விரிக்காது, இரத்தினபுரி, வெல்லம்பிட்டி, கொலன்னாவை என இடவாரியாகப் பிரித்து எழுதுவோம். இவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளோம். வழிமொழிய விரும்புவோர் கூட்டத்துக்கு முன் நமக்கு ஒரு வரி எழுதுவார்களாக. அலங்கார வளைவை விரும்புவோரும் வந்து தம் நியாயத்தைக் கூறுவார்களாக.