மோடத்தை அணைத்துப் போட்டீர்களா?

அரசாங்க உதவிக்கு மனுப் போடலாம் என்று அகப்பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. தளத்தை அடைய முடியவில்லையாம், உங்கள் இணைப்பைச் சரிபார்க்க வேண்டுமாம். நம்முடைய இணைப்பை! யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் வந்து குவிகின்றன, அந்த ஒரு பக்கம் மட்டும் வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. பழி மட்டும் நம் தலையில்.

உதவி எண்ணைக் கூப்பிட்டால் அங்கேயும் அதே பல்லவி. மோடத்தை அணைத்துப் போடுங்கள். கேச்சை அழியுங்கள். இரவில் முயன்று பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கம் பால் மரம் வெட்டி ஓய்ந்த பாட்டியிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? "தம்பி, நான் எதையும் தொடலையே, இது எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று என்னிடமே கேட்கிறார். தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்ற பயம் அந்தக் குரலில். அந்தப் பயத்தைக் கொடுத்ததுதான் எனக்கு ஆகவில்லை.

நம் பக்கம் குறையே இருக்காது என்று நான் வாதாடவில்லை. கைப்பேசியில் தேதி தப்பாக இருந்தால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று அது கதவைச் சாத்திவிடும். 3ஜியை 2021 இறுதியோடு மூடிவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களின் உட்புறத்தில் 4ஜி எட்டாத இடத்தில் பேச மட்டும்தான் லைன் கிடைக்கும், பக்கம் நகராது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் கோளாறு வீட்டு லைனிலா என்பது தெரிந்துவிடும். ஈப்போவில் இருக்கும் மருமகளுக்கும் பக்கம் வரவில்லையா? படுத்திருப்பது அநேகமாக அரசாங்கத்தின் சர்வர்தான். திரையில் 503 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், சர்வரே கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் பார்த்துவிட்டுப் போன் செய்தாலும் முதல் கேள்வி மோடத்தைப் பற்றித்தான்.

விவரம் தெரிந்த பையன்கள் கடைசியாக ஒரு மருந்து சொல்வார்கள்: டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். தோட்டத்துக் கிராணியிடம் பேரைச் சொன்னால் செக்ரோலைப் புரட்டி நம்பரைச் சொல்வாரே, அந்த வேலைதான் டிஎன்எஸ்ஸுக்கு. இணைய நிறுவனத்தின் கிராணி சரியில்லை என்றால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று வேறு ஆளிடம் கேட்கலாம். 2024இல் அதிலும் கை வைத்தார்கள். வெளி ஆளிடம் போகும் கேள்விகளையும் உங்கள் சர்வருக்கே திருப்பிவிடுங்கள் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சொன்னது. கெடு செப்டம்பர் 30. மேக்சிஸ், டைம் நிறுவனங்கள் தொடங்கியும்விட்டன. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, செப்டம்பர் முதல் வாரம் முடிவதற்குள் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் நிறுத்தச் சொன்னார். திருப்பிவிட்டது சூதாட்டத் தளங்களைத் தடுக்கத்தானாம், இருக்கட்டும். நாம் கேட்டது ஒருவரிடம், பதில் சொன்னது இன்னொருவர். இதைத் திரையில் யார் நமக்குச் சொன்னார்கள்?

அவர்கள் பக்கம் படுப்பது புதிதல்ல, 2025 ஆகஸ்ட் 31 நினைவிருக்கிறதா? பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் சாமான் வாங்க அடையாள அட்டையில் அரசாங்கம் தந்த நூறு வெள்ளி. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு ஒரே நாளில் கதவைத் திறந்தார்கள். கட்டண முறை திணறியது, தள்ளுவண்டி நிறையச் சாமானோடு ஜனம் வரிசையில் நின்றது. அத்தனை பேரும் ஒன்றாக வந்தால் தாங்காது என்பது கல்யாணப் பந்தி போடுகிறவருக்கே தெரியும், இவர்களுக்குத் தெரியாதா? அன்றைக்கு ஒன்று மட்டும் நல்லது நடந்தது: யாரும் யாரையும் மோடத்தை அணைக்கச் சொல்லவில்லை. அட்டைக்கு ஏது மோடம்?

அதிகாரிகளே, பக்கம் படுத்திருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். எத்தனை மணி நேரம் படுத்ததோ அத்தனை நேரம் மனுவின் கெடுவை நீட்டுங்கள். முகப்பில் போய்க் கேட்டால் "ஆன்லைன் சஹாஜா" என்று திருப்பி அனுப்பாமல், பாரத்தைக் கையால் வாங்கித் தேதி முத்திரை குத்த ஓர் ஆளை உட்கார வையுங்கள். முத்திரை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மேசையில் மைப்பெட்டியோடு இருப்பதை நானே பார்த்தேன்.