கணுவும் மடையும்

சென்ற விடுமுறையில் வைகை அணையைக் காணச் சென்ற யாம், வழியில் ஒரு கூடைக் கம்பம் திராட்சையின்முன் நின்றேம். கனிந்து வெடித்த பழங்களின்மேல் எள்ளளவினவாகிய ஈக்கள் மொய்த்திருந்தன. உடன் வந்த விலங்கியல் மாணவர், “இப்பழ ஈயின் உடல் கணுக்கணுவாய் அமையும் வகையைக் கண்டவர்க்கே 1995-இல் நோபெல் பரிசு கிடைத்தது” என்றார். அஃது யாங்ஙனம் என வினவினேம். “அதனைத் தமிழிற் சொல்ல இயலாது, தமிழ் பயிலும் நுமக்கு அது வேண்டுவதுமன்று” என்று நகைத்தார். அந்நகையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இயலாதோ? முயன்று பார்ப்போம். அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள அவ்வீயின் முட்டையில், தலையாக வேண்டிய முனையிலே, பைகாய்டு என்னும் மரபணுவின் செய்தியைத் தாய் ஈ வைத்துவிடுகின்றது. அச்செய்தியினின்று தோன்றும் புரதம் வால்முனை நோக்கிப் பரவுகின்றது. தொடக்கத்தில் உயிரணுக்களைப் பிரிக்கும் சவ்வுகள் எழாமையின் பரவலுக்குத் தடையில்லை. 1959-இல் திறக்கப்பெற்ற இவ்வணையின் நீர், தலைமடையில் மிக்கும் கடைமடையில் குறைந்தும் செல்வதை உழவர் அறிவர். நீரின் அளவு கண்டு நெல்லோ புன்செய்ப் பயிரோ என அவர் துணிதல்போல, புரதத்தின் அளவிற்கேற்ப ஆங்காங்குள்ள மரபணுக்கள் விழிக்கின்றன. அவற்றுட் சில, கருவைப் பெரும் பகுதிகளாக வகுக்கின்றன. அடுத்தவை ஏழு பட்டைகளாக எழுந்து அதனை மேலும் பிரிக்கின்றன. பின்னவை ஒவ்வொரு கணுவிற்கும் முன்புறம் இது, பின்புறம் இது என வரையறுக்கின்றன. ஹாக்ஸ் என்னும் குழுவினவோ, இக்கணுவிற் கால், இக்கணுவிற் சிறகு என விதிக்கின்றன. ஏறக்குறைய ஒரே நாளிற் புழு வெளிப்படுகின்றது!

ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-போல்ஹார்ட், எரிக் வீஷௌஸ் ஆகிய இருவரும் கணுக்கள் பிழைபட்ட புழுக்களைத் தேடி ஆராய்ந்து, இத்தகைய மரபணுக்கள் பதினைந்தை 1980-இல் வெளியிட்டனர். அவர்களோடு பரிசு பெற்றவர் எட்வர்ட் லூயிஸ். நம் நாட்டிலும் எல். எஸ். சசிதரா, ஹைதராபாத்தில் இருந்தபோது, ஹாக்ஸ் மரபணு ஒன்று பின்சிறகு எழவேண்டிய இடத்திற் சிறு குமிழை அமைக்கும் வகையை ஆராய்ந்தார். ஹாக்ஸ் மரபணுக்கள் மனிதர்க்கும் உள. ஆகவே ஈயின் கதை நம் முதுகெலும்பின் கதையுமாம்.

இனி, எம் கருத்தைக் கூறுவேம். இம்மரபணுக்களுள் ஒன்று கெடின், ஒன்றுவிட்டு ஒரு கணு இல்லாமற்போகின்றது. அதன் பெயர் புஷி தராஸு. அப்பெயர் கிரேக்கமுமன்று, இலத்தீனுமன்று, ஜப்பானிய மொழி. ‘கணுக்கள் போதா’ என்பது பொருள். மூங்கிற் கணுவிற்கு அம்மக்கள் வழங்கும் சொல்லே விஞ்ஞானத்துள் ஏறி, உலகெங்கும் வழங்குகின்றது. நம்மிடத்தும் கரும்பிற்குக் கணு உண்டு. வாய்க்காலுக்கு மடை உண்டு. சொற்பஞ்சம் எங்கே?

ஆராய்ச்சி ஆங்கிலத்தில் நடக்க, தமிழ்ப்பெயர் எற்றுக்கு என்பார் உளர். ஆங்கிலத்தைத் தள்ளுக என்கிலேம். ஆனால் ஆண்டிபட்டியிலோ கூடலூரிலோ தமிழிற் பயிலும் சிறுவன், தன் தந்தையின் தோட்டத்து ஈயைப்பற்றி வினவுங்கால், விடையை ஒரு மொழியின் வாயிலில் நிறுத்திவைத்தல் அறமாகுமோ? குறை தமிழினதன்று. பழைய நூல்களோடு நம் கடன் தீர்ந்ததென்றிருக்கும் தமிழ் மாணவராகிய எம்முடையது. தமிழை வீட்டிலே விட்டு ஆய்வுக்கூடம் புகும் விஞ்ஞான மாணவருடையதும் ஆம்.

மேலே உள்ள விளக்கத்தை அந்நண்பர்க்குப் படித்துக் காட்டினேம். இரண்டு பிழைகளைத் திருத்தினார், நகைத்திலர்.

நண்பர்காள்! தமிழ் வகுப்பினர் ஒருமுறை உருப்பெருக்கியிற் கண்வைத்துப் பார்ப்போமாக. விஞ்ஞான வகுப்பினர் சொல் வேண்டி எம்மிடம் வருவாராக. இருவரும் கூடி எழுதிய கட்டுரை ஒன்றேனும் அடுத்த ஆண்டு இம்மலரில் வெளிவருவதாக!