அக்கினி வெயிலும் அஞ்சு மணி மழையும்

சித்திரை பிறந்துவிட்டால் நம் விருத்தாசலத்தில் இரண்டு வகை பேனர்கள் முளைக்கும். ஒன்று நீர்மோர்ப் பந்தல் பேனர். இன்னொன்று, "மாபெரும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி" என்று இளைஞர்கள் கட்டுவது. வெயிலில் யாரும் வாடக்கூடாது என்று மோர் ஊற்றுகிற அதே ஊரில், அதே வாரத்தில், பதினொரு பேரை நடுப்பகலில் பொட்டல் மைதானத்தில் நிறுத்தி ஓட விடுகிறோம். இரண்டு பேனரிலும் சிரிக்கிற முகங்கள்கூடச் சில சமயம் ஒன்றாகவே இருக்கும்.

விளையாட்டை எதிர்த்து எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நானே நாற்பது வருஷம் பூப்பந்து ஆடியவன். பகலெல்லாம் பீங்கான் சூளைப் பக்கத்தில் நின்றுவிட்டு, சாயந்திரம் ஐந்தரைக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவன். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தை எப்படித் தள்ளியிருப்போம் என்று தெரியவில்லை. அதனால்தான் கோடை வந்து அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொள்ளும்போது கோபம் வருகிறது.

கோடை அதை எப்படிப் பிடுங்குகிறது என்று பாருங்கள். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்கினி நட்சத்திரம். ஆங்கில மாதக் கணக்கில் மே 4-ஐ ஒட்டி ஆரம்பித்து 28 வாக்கில் முடியும். பேப்பரில் 104 டிகிரி என்று போட்டால் அது 40 செல்சியஸ். அதுவும் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்த கணக்கு. மண் தரை மைதானத்தின் நடுவில் நிற்கிறவனுக்கு மேலே சூரியன், கீழே தரையின் அனல், இரண்டுக்கும் நடுவில் அவன். காலை ஒன்பது மணிக்கு மேல் ஆட முடியாது. சரி, சாயந்திரம் ஆடலாம் என்றால், இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு மேற்கே மேகம் கட்டும். பகல் சூட்டில் எழும்பும் காற்றும், கடல் பக்கமிருந்து வரும் ஈரமும் சேர்ந்தால் நாலு மணிக்குமேல் இடி மழைதான். சரியாக நாம் வேலை முடித்து மைதானத்துக்கு வரும் நேரம்! புழுதிக் காற்று முதலில், பிறகு பெரிய பெரிய தூறல், அப்புறம் கரண்ட் போகும்.

பூப்பந்து ஆடியவர்களுக்கு இது புரியும். பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது, 30 கிராமுக்குள் இருக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், கனத்துப்போய் களிமண் உருண்டை மாதிரி மட்டையில் வந்து விழும். மழை இல்லாமல் வெறும் காற்று அடித்தாலும் இந்தப் பக்கம் அடிக்கிற பந்து அந்தப் பக்கம் கோட்டுக்கு வெளியே போகும். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்போம். பத்து நிமிஷ மழை அத்தனையையும் கழுவிவிடும். களி கலந்த தரை மறுபடி கால் வழுக்காமல் காய ஒரு நாள் ஆகும். ஆக, மழை வந்தது திங்கட்கிழமை என்றால் ஆட்டம் போனது திங்களும் செவ்வாயும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் தொழிலிலும் இதே தொல்லைதான். சுடாத பச்சை உருப்படியை நேர் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். மழை பெய்தால் காயவே காயாது. நிழலில், காற்றில், பொறுமையாகத்தான் காய வைக்க வேண்டும். மண் பொம்மைக்கே இவ்வளவு பார்த்த ஊர் இது. மனுஷப் பிள்ளைகளை மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு நேர் வெயிலில் வைக்கிறோம்.

இதெல்லாம் ஏழைகளின் ஆட்டத்துக்கு மட்டும் வருகிற கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பணக்காரர் ஆட்டம் என்று நாம் சொல்கிற கோல்ஃபுக்கும் உண்டு. நம் ஊரில் அந்த மைதானம் கிடையாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இருக்கிறது. நாலு மணி நேரம் திறந்த வெளியில் கையில் இரும்புக் கம்பி பிடித்துக்கொண்டு நடக்கிற ஆட்டம் அது. மின்னலுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. 1975-ல் அமெரிக்காவில் சிகாகோ அருகே ஒரு போட்டியில் லீ ட்ரெவினோ என்ற பெரிய ஆட்டக்காரரையே மின்னல் தாக்கியது. பிழைத்தார், ஆனால் முதுகு வலி அவரை விடவில்லை. உலகப் புகழ் பெற்றவரானாலும் மின்னலுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

ஆனால் மற்ற விஷயங்களில் ஒன்று இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? அகமதாபாத்தில் மே 28 அன்று நடக்க வேண்டியது. மழை கொட்டியதால் ஒரு பந்துகூடப் போடாமல் மறுநாளுக்குத் தள்ளினார்கள். மறுநாளும் இடையில் மழை. மைதானத்தைக் காய வைத்து, ஓவரைக் குறைத்து, 15 ஓவரில் 171 என்று கணக்குப் போட்டு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து சென்னையை ஜெயிக்க வைத்தார். நானும் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தவன்தான். அவர்களுக்கு மாற்று நாள் இருக்கிறது, தார்ப்பாய் இருக்கிறது, தண்ணீரை உறிஞ்சும் வண்டி இருக்கிறது, ராத்திரியைப் பகலாக்கும் விளக்கு இருக்கிறது. சிமென்ட் கடையிலும் செல்போன் கடையிலும் வேலை பார்க்கிற பையனுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது போனால் போனதுதான். திங்கட்கிழமை முதலாளி மாற்று நாள் தருவாரா?

வெயிலிலும் இதே கதை. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மாரத்தானை டோக்கியோவிலேயே வைக்கவில்லை. அங்கே ஆகஸ்ட் வெயில் தாங்காது என்று, வடக்கே சப்போரோ நகருக்கு மாற்றினார்கள். ஒலிம்பிக் கமிட்டிக்கே அந்தப் பயம் இருக்கிறது. நம் போட்டிக் கமிட்டிக்கு இல்லை.

நம் சேப்பாக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1986 செப்டம்பர், சரியாக டையில் முடிந்ததே அந்த டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 அடித்தார். நடுவில் மைதானத்திலேயே வாந்தி, கை கால் இழுப்பு. ஆட்டம் இழந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதை வீரம் என்று இன்றைக்கும் பேசுகிறோம். பேசலாம். ஆனால் அது செப்டம்பர், மே இல்லை. அவருக்கு 25 வயது, உச்சக்கட்ட உடல் பயிற்சி, கூடவே கவனிக்க ஆட்கள். இங்கே நாற்பத்தைந்து வயதில், ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, காலையில் வெறும் டீயோடு வந்து பந்து வீசுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு போட்டி. மதியம் ஒன்றரை மணி இருக்கும். எல்லைக் கோட்டருகே நின்ற ஒருவர் ஏதோ உளற ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் கேலி என்று சிரித்தார்கள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, ஆனால் வியர்வை இல்லை. பிறகுதான் ஓட்டம். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். அன்று போட்டியை நிறுத்தினார்களா என்றால் இல்லை. ஒரு ஆளை மாற்றி ஆடி முடித்தார்கள். "சார், நாலு டீம் வெளியூர்லேர்ந்து வேன் புடிச்சு வந்திருக்கு. இப்ப நிறுத்துனா எங்க சட்டையப் புடிப்பாங்க" என்றார் நடத்துகிற தம்பி. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், பிரியாணிச் செலவு, பரிசுக்கு நன்கொடை கொடுத்தவர் மேடையில் ஏற வேண்டிய நேரம் என்று எல்லாம் சேர்ந்து ஆட்டத்தை உருட்டிக்கொண்டு போகின்றன. ஆடுகிறவனின் உடம்பு அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

உளறல், தடுமாற்றம், கொதிக்கும் உடம்பு: இது வெறும் மயக்கம் இல்லை, வெப்ப அடி. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத் துணி வைத்து, விசிறிக்கொண்டே 108-க்கு அடிக்க வேண்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக்கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சங்கதி. பிரஷருக்கு, அதிகம் சிறுநீர் போக வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் சீக்கிரம் சுருண்டு விடுவார்கள். கோடை வருவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மழைக்கு வருவோம். வானம் கருத்ததும் நம் பையன்கள் செய்கிற முதல் காரியம், மைதான ஓரத்து வேப்ப மரத்தடியில் கூட்டமாய் ஒதுங்குவது. அதைப் போல ஆபத்து வேறில்லை. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது. கட்டிடத்துக்குள்ளோ, காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். "ரெண்டே ஓவர்தான் சார் பாக்கி" என்பது மின்னலுக்குத் தெரியாது.

மழையில் நின்றுபோன ஆட்டத்துக்கு என்ன தீர்ப்பு என்பதில்தான் பாதி சண்டை. பெரியவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தது. மழை விட்டு வந்து பார்த்தால் ஒரே பந்தில் 21 ரன்! உலகமே சிரித்தது. அப்புறம்தான் டக்வொர்த் லூயிஸ் எல்லாம். நம் ஊர்ப் போட்டிகளில் அந்தக் கணக்கைப் போட ஆளும் இல்லை, போட்டால் ஒத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அதனால் டாஸ் போட்டுக் கோப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாலு ஞாயிறு வெயிலில் காய்ந்து இறுதி வரைக்கும் வந்தவனிடம் காசைச் சுண்டி "நீ தோத்துட்ட" என்பது என்ன நியாயம்? 2002-ல் கொழும்பில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி இரண்டு நாளும் மழையில் போனபோது இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. கங்குலிக்கும் ஜெயசூர்யாவுக்கும் குறைவாகப் படாதது நம் பையன்களுக்குக் குறைவாகிவிடுமா?

பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது, அதனால் போட்டியும் மே மாதத்தில் என்பார்கள். மாணவர்களுக்கு அது சரி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற கோடைப் பயிற்சி முகாம்கள்கூடக் காலையிலும் மாலையிலும்தான் நடக்கின்றன, நடுப்பகலில் இல்லை. ஆனால் நம் ஊர்ப் போட்டிகளில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளியை விட்டு இருபது வருஷம் ஆனவர்கள். அவர்களுக்கு மே விடுமுறை எங்கிருந்து வந்தது? தை, மாசியில் வைத்தால் என்ன? பொங்கலை ஒட்டி வெளியூர்ப் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள், பனி விலகிய பிறகு நாள் முழுக்க ஆடலாம், மழைப் பயமும் அவ்வளவு இல்லை. பழைய கோடைக் கணக்கும் இனி நம்ப முடியாதது. 2025-ல் அக்கினி நட்சத்திரம் முடியுமுன்பே, மே 24-ம் தேதி, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கம் ஜூன் 1.

மேயில் ஆடியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு மிச்சம் இருப்பது விடியற்காலை. ஐந்தரைக்கு வெளுத்துவிடும், எட்டரை வரை மூன்று மணி நேரம் தாராளம். இதற்குத் தடை வெயிலோ மழையோ இல்லை, பூட்டு. பொது மைதானமானாலும் பள்ளி மைதானமானாலும் கேட் திறக்கிற ஆள் வருவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. விடுமுறையில் பல இடங்களில் திறப்பதே இல்லை. கிழவர்கள் நாங்கள் நடக்கப் போனால் சுவரோரமாக ரோட்டில் நடக்கிறோம், லாரிக்குப் பயந்து. சாவியை ஒரு பொறுப்பான ஆளிடம் கொடுத்து, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பைசாச் செலவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இதற்காக ஒரு மனு எழுதியிருக்கிறோம்: மே மாதம் முழுக்கக் காலை ஐந்து மணிக்கு மைதானம் திறக்க வேண்டும், ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும், ஓரமாக ஒரு தகரக் கொட்டகை வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு வழக்கமான டீக்கடைக்கு வரலாம். போட்டி நடத்துகிற தம்பிகளிடமும் பேசினேன். மாதத்தை மாற்ற இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அடுத்த நோட்டீஸில் "பகல் 11 முதல் 4 வரை ஆட்டம் இல்லை, இறுதி ஆட்டம் மழையால் நின்றால் பரிசு சரிபாதி" என்று இரண்டு வரி சேர்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.