மதிப்பீட்டை மறுக்கும் உரிமை

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது; சொத்து வரியோ கனமானது. ஜனவரி 1 அன்றைய சந்தை விலையை மாவட்ட மதிப்பீட்டு அலுவலகம் கணிக்கிறது. விற்ற விலையைத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே இல்லை. கணிப்பில் ஊகம் கலக்காமல் என்ன செய்யும்? ஆட்சேபிக்கப் பொதுவாக மே 15 வரை, அல்லது மதிப்பீட்டு அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 30 நாள் வரை, எது பிந்தியதோ அதுவரை அவகாசம்.

வரி அதிகம் என்று புலம்பிப் பயனில்லை. வரி விகிதம், ஆட்சேபத்தை விசாரிக்கும் மறுஆய்வுக் குழுவின் கையில் இல்லை. விரிசல் விட்ட அடித்தளத்தின் படம், பழுதுபார்ப்பு மதிப்பீடு, ஒத்த வீடுகளின் குறைந்த மதிப்பு ஆகியவையே பேசும்.

ஆள் வைத்து வாதாட முடிந்தவருக்குக் கவலையில்லை. தினக்கூலியை விட்டு விசாரணைக்கு வர முடியாதவர்? தொலைபேசியிலோ, பிரமாண வாக்குமூலம் அனுப்பியோ வாதாடலாம் என்பதை அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், ஸ்பானிஷிலும் அச்சிட வேண்டும்.