குறுமுனியின் ஊரில் ஒரு கட்டச்சி

பாபநாசத்தில் குளித்துவிட்டு அகத்தியரைக் கும்பிடுகிற யாரும் அவருடைய குட்டை உடம்பைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறுமுனி என்று வாய் நிறையச் சொல்வார்கள். சிவன் கல்யாணத்துக் கூட்டத்தில் வடக்கு தாழ்ந்தபோது, பூமியைச் சமன்செய்யத் தெற்கே வந்தவர் அந்தக் குள்ளர்தான். தாமிரபரணியே அவர் கமண்டலத்து நீர் என்கிறது புராணம். ஆணின் குட்டைக்கு ஒரு மலையையும் ஆற்றையும் எழுதிவைத்த ஊரில்தான், நான்கடி பத்தங்குலம் உள்ள என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"பிள்ள லட்சணமாத்தான் இருக்கு, கட்டையால்லா இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மகளை என் பக்கத்தில் நிறுத்தி அளந்தும் பார்த்தார். மாப்பிள்ளை என்னைவிட மூன்று விரல்தான் கூடுதல். அதை எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் போனதும் ஆச்சி என்னிடம், "அடுத்த தடவ கொண்டயக் கொஞ்சம் ஒசத்திப் போடுட்டி" என்றாள். ஆச்சியும் என் உயரம்தான்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. மணமகள் தேவை விளம்பரமோ ஐந்தடி நான்கங்குலம் கேட்கிறது. நாட்டின் பெரும்பாலான பெண்களை ஒரே வரியில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குறை அவர்களுடையது என்கிறது. முட்டையை அண்ணனுக்கு வைத்துவிட்டு, மகளிடம் 'வளரலையே' என்று அங்கலாய்க்கும் வீடுகளும் உண்டு.

குறுமுனியும் பெண் தேடியவர்தான். மகாபாரத வனபருவத்தில், உயிர்கள் ஒவ்வொன்றிலும் அழகான உறுப்பை எடுத்துக் கோத்து லோபாமுத்திரையை உண்டாக்குகிறார். விதர்ப்ப மன்னனிடம் வளர்க்கக் கொடுத்து, வளர்ந்ததும் மணக்கிறார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்பவே மேட்ரிமோனி ஃபில்டர் இருந்திருக்கு மிஸ்" என்றாள். முனிவர் எத்தனை அடி என்று லோபாமுத்திரை கேட்டதாகக் கதையில் இல்லை.

என் உடம்போடு எனக்குச் சண்டை இல்லை. பேருந்தின் மேல்கம்பி எட்டாது, கீழ்க்கம்பி போதும். சண்டையெல்லாம் கருத்தரங்கு மேடைகளின் பேச்சு மேசையோடுதான். அதன் பின்னால் நின்றால் என் நெற்றிதான் தெரியும். யார் உயரத்துக்குச் செய்த மேசை இது என்று யோசிக்காமல், எனக்கு முக்காலி தேடி ஓடுவார்கள். முன்பெல்லாம் ஏறி நின்றேன். இப்போது மைக்கைக் கழற்றித் தரச் சொல்லி, மேசைக்கு முன்னால் வந்து நின்று பேசுகிறேன்.